வேண்டுதல் எழுதிய சுவர்: லாங் மெல்ஃபோர்டு தூய திருத்துவத் தேவாலயத்தின் கட்டடமும் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் உள்ள லாங் மெல்ஃபோர்டு என்னும் ஊரின் தூய திருத்துவத் தேவாலயம் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டது. கட்டுவித்தோரின் பெயர்கள் அதன் வெளிச்சுவர்களில் எழுத்துகளாக ஓடுகின்றன. இவ்வெழுத்துகளை வணிகச் செல்வத்தின் தற்பெருமை என்று கொள்ளும் வழக்கமான கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. எழுத்துகளின் வாக்கிய அமைப்பு, கட்டட அமைப்பு, ரோஜர் மார்ட்டின் என்பவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு ஆகிய மூன்றையும் இணைத்துப் படிக்கும்போது, இக்கட்டடம் இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை போல் இயங்கியது என்பது புலனாகிறது. அவ்வுடன்படிக்கையை அரசு சட்டத்தால் முறித்தபின் கட்டடத்திற்கு நேர்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பங்குத் தேவாலயம், செங்குத்துப் பாணி, கொடையாளர் பொறிப்புகள், உத்தரிப்பு நிலை, சமயச் சீர்திருத்தம், லாங் மெல்ஃபோர்டு.

முன்னுரை

இடைக்கால இங்கிலாந்தில் ஊர்மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய அனைத்தும் கடந்து சென்ற இடம் பங்குத் தேவாலயம். பேராலயங்களைக் கட்டியவர்கள் ஆயர்களும் அரசர்களும் ஆவர். பங்குத் தேவாலயங்களின் நிலை வேறு. பீடம் அமைந்த கிழக்குப் பகுதியைப் பேணுவது பங்குக்குருவின் கடமை; மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை. இப்பிரிவினை வழக்காற்றுச் சட்டமாகவே நிலைபெற்றிருந்தது. ஆகவே ஒரு நடுக்கூடம் இடித்துப் புதுக்கப்படும்போது அங்கே ஊரின் பொருள்நிலையும் விருப்பமும் பூசல்களும் கல்லில் பதிகின்றன. இத்தகைய பதிவு மிகத் தெளிவாகக் கிடைக்கும் ஊர்களுள் லாங் மெல்ஃபோர்டு ஒன்றாகும்.

மெல்ஃபோர்டு நிலக்கிழமை பரி செயின்ட் எட்மண்ட்ஸ் துறவுமடத்திற்கு உரியதாக இருந்தது. 1086ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே அங்கு ஒரு தேவாலயம் குறிக்கப்பட்டுள்ளது. அப்பழங்கட்டடத்தைப் பற்றி இன்று நாம் சொல்லக்கூடியது மிகக் குறைவு. இன்றுள்ள கட்டடத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 1467 முதல் 1497 வரையிலான முப்பது ஆண்டுகளில் எழுந்தது. அம்முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி ரோஜாப் போர்கள் எனப்படும் உள்நாட்டுப் போரின் காலத்திற்குள் அடங்குகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. அரியணை கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஊர் தன் தேவாலயத்தைத் தடையின்றிக் கட்டி முடித்திருக்கிறது.

இவ்வகைக் கட்டடங்களைக் ‘கம்பளித் தேவாலயங்கள்’ என்று அழைப்பது மரபு. சஃபோக்கைப் பொறுத்தவரை இப்பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. இங்குச் செல்வம் ஈட்டித் தந்தது ஏற்றுமதியான கம்பளி மயிர் அன்று. நெய்து, சாயமேற்றி, அடர்த்தியாக்கி விற்கப்பட்ட அகலத்துணி. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஏற்றுமதியில் துணி கம்பளி மயிரை விஞ்சிவிட்டது. கம்பளியை வாங்கி, நூற்போர் வீட்டிற்கும் நெய்வோர் வீட்டிற்கும் சாயப்பட்டறைக்கும் மாறிமாறி அனுப்பி, முடிந்த துணியை இலண்டன் வணிகருக்கு விற்ற துணி முதலாளிகளே மெல்ஃபோர்டு, லேவனம் போன்ற ஊர்களின் புதுச் செல்வர்கள். பெயரைத் திருத்துவதால் ஒரு பயன் உண்டு. கம்பளி மயிர் என்றால் ஆட்டு மந்தையும் பெருநிலக்கிழாரும் நினைவுக்கு வருவர்; துணி என்றால் நூற்ற பெண்களும் நெய்தவர்களும் நினைவுக்கு வருவர். சுவரில் அவர்கள் பெயர் இல்லை என்பதை மறவாதிருக்க இத்திருத்தம் உதவும்.

கட்டட அமைப்பு

தாமஸ் ரிக்மன் 1817ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டடக்கலை வளர்ச்சியை வகைப்படுத்தியபோது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வழங்கிய பாணிக்குச் செங்குத்துப் பாணி என்னும் பொருள்படப் பெயரிட்டார். சாளரச் சட்டங்கள் நேர்கோடாக மேலேறி வளைவைத் தொடுவதும், சுவர்ப்பரப்பு குறைந்து கண்ணாடிப்பரப்பு மிகுவதும், தூண்கள் மெலிவதும் இப்பாணியின் இயல்புகள். மெல்ஃபோர்டு தேவாலயம் இவ்வியல்புகள் முதிர்ந்த நிலையைக் காட்டுகிறது.

நடுக்கூடம் ஏறத்தாழ 46.5 மீட்டர் நீளமுடையது. இங்கிலாந்தின் பங்குத் தேவாலயங்களுள் மிக நீண்டதாக இது கருதப்படுகிறது. ஒன்பது அங்கணங்கள் உள்ளன. அவற்றுள் மேற்குப் பக்கத்து ஐந்து அங்கணங்களின் தூண்கள் முந்திய கட்டடத்தைச் சேர்ந்தவை என்பர். புதுக்கியவர்கள் பழையதை முற்றாக அழிக்கவில்லை. பழந்தூண்களை நிறுத்தி, அவற்றின் அளவிற்குப் புதியவற்றைப் பொருத்தி, எல்லாவற்றிற்கும் மேலே ஒரு மேல்சாளர வரிசையைக் கிழக்கு நோக்கி நீட்டினர். உள்ளே நிற்பவருக்குப் பழமையும் புதுமையும் ஒட்டிய இடம் முதலில் தெரிவதில்லை. மேலிருந்து இறங்கும் ஒளி அதனை மறைத்துவிடுகிறது.

கிழக்கு ஆங்கிலியாவில் நல்ல கட்டடக் கல் கிடையாது. சுண்ணப்பாறையில் கட்டியாகக் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல் ஒன்றே அங்கு மலிவு. செதுக்கத்தக்க சுண்ணாம்புக்கல் நெடுந்தொலைவிலிருந்து, இயன்றவரை நீர்வழியாக, வரவழைக்கப்பட்டது. இந்த இல்லாமையிலிருந்து ஒரு கலை பிறந்தது. வெளிறிய சுண்ணாம்புக்கல்லில் வடிவங்களை வெட்டியெடுத்து, அக்குழிகளில் உடைத்துச் சமப்படுத்திய கரிய சக்கிமுக்கிக் கல்லைப் பதித்துச் சுவர்முகம் முழுதும் ஒரே தளமாக்குவர். விலையுயர்ந்த கல்லைக் குறைத்துச் செலவிட்டு மிகுந்த அழகைப் பெறும் வழி அது. மழை நனைத்த பிறகு கருமையும் வெண்மையும் மேலும் பிரிந்து தோன்றும். மெல்ஃபோர்டின் வெளிச்சுவர்கள் இம்முறையால் அணிசெய்யப்பட்டவை. கோட்டை மதிலின் பற்களைப் போன்ற மேல்விளிம்பின் அடியிலும் சாளரங்களை ஒட்டியும் கொடையாளர் பெயர்கள் ஓடுகின்றன.

தேவாலயத்தின் கிழக்கே, பீடச் சுவருக்கு அப்பால், மரியன்னை சிற்றாலயம் தனிக்கட்டடம் போலவே நிற்கிறது. நடுவே ஒரு சிறு திருமுற்றம். அதனைச் சுற்றித் தூண்களுடன் கூடிய சுற்றுவழி. ஆங்கிலப் பங்குத் தேவாலயங்களில் இவ்வமைப்பு அரிது. சிறிய ஊர்வலம் ஒன்று மழையிலும் குளிரிலும் வெளியே செல்லாமல் வலம்வர ஏற்ற கட்டடம் இது. இதன் பொறிப்பு 1496ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

பொறிப்புகளின் இலக்கணம்

இனி எழுத்துகளுக்கு வருவோம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. இலத்தீன் வழிபாட்டு மொழியாக இருந்த காலத்தில், தேவாலயத்தின் சுவரில், ஊர்மொழி. வாக்கியம் ஒவ்வொன்றும் ஏவல் வினையில் தொடங்குகிறது: வேண்டிக்கொள்ளுங்கள். அடுத்து இன்னாரின் ஆன்மாவுக்காக என்னும் தொடர். அதன்பின் யாருடைய பொருளிலிருந்து, யார் முயற்சியால், எத்தனை வளைவுகள் புதுக்கப்பட்டன என்னும் செய்தி. ‘இன்னார் கட்டினார்’ என்னும் எழுவாய்த் தொடக்கம் இல்லை. வாக்கியத்தின் முதலிடத்தில் இருப்பவர் படிப்பவர். கொடையாளர் அவ்வாக்கியத்தில் உதவி வேண்டி நிற்கும் ஆன்மா. இந்த வேறுபாட்டைக் கருதாமல் பொறிப்புகளை விளம்பரம் என்று ஒதுக்குவது பிழை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1481ஆம் ஆண்டைச் சேர்ந்த பொறிப்பொன்று இதற்குச் சான்று. ராபர்ட் ஸ்பேரோ, அவர் மனைவி மரியன், தாமஸ் கூப்பர், அவர் மனைவி மேபல் ஆகியோரின் ஆன்மாக்களுக்காக அது வேண்டச் சொல்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு பங்குக்குரு ஜைல்ஸ் டென்ட், ஜான் க்ளாப்டன், ஜான் ஸ்மித், ரோஜர் ஸ்மித் ஆகியோர், ஊரின் நன்மனம் கொண்டோர் துணையுடன், ஏழு வளைவுகளைப் புதுக்கினர் என்பது அதன் பொருள். மற்றொரு பொறிப்பில் ரோஜர் மோரியல் என்பவரும் அவருடைய இரு மனைவியர் மார்கரெட், கேத்தரின் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். அவர் பொருளைச் செலவிட்டு ஆறு வளைவுகளை முடித்தவர்களின் பட்டியலில் முதற்பெயர் கைம்பெண்ணான கேத்தரினுடையது. கணவர் சொத்தை ஆள்பவராகவும் பொதுப்பணியின் பொறுப்பாளராகவும் ஒரு பெண் கல்லில் பதிவாகியிருப்பது கவனத்திற்குரியது.

இவற்றிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. பொருள் இறந்தோருடையது, உயிருள்ளோர் உயிலை நிறைவேற்றுபவர்களாகச் செயல்படுகின்றனர். பணி ஒரே நேரத்தில் ஒரே கையிருப்பிலிருந்து நடைபெறவில்லை. ஆறும் ஏழுமாக அங்கணங்கள் பங்கிடப்பட்டுள்ளன. ஏறத்தாழ எல்லாப் பட்டியலிலும் ஜான் க்ளாப்டன் இருக்கிறார். பெயரில்லாத ‘நன்மனம் கொண்டோர்’ எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கொடுத்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. பெயர் பெறும் தகுதிக்குக் கீழே ஓர் அளவுகோல் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் ஊகிக்கலாம்.

இவ்வேண்டுகோளின் பின்புலம் உத்தரிப்பு நிலை பற்றிய கோட்பாடு. பாவ மன்னிப்புப் பெற்று இறந்தவரும் தம் குற்றங்களின் எச்சத்தைத் தீர்க்க ஒரு துன்பநிலையைக் கடக்க வேண்டும். உயிருள்ளோரின் செபமும் திருப்பலியும் அக்காலத்தைக் குறைக்கும் என்பது இடைக்காலத் திருச்சபையின் போதனை. எனவே மறக்கப்படுவது அச்சத்திற்குரியது. பங்குகள்தோறும் கொடையாளர் பெயரேடு ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் சுருக்கமாகவும் ஆண்டுக்கொருமுறை முழுமையாகவும் அது மக்கள் முன் வாசிக்கப்பட்டது. மெல்ஃபோர்டின் சுவர் அப்பெயரேட்டின் கல்வடிவம் எனலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஏட்டின் வாசிப்பைக் கேட்டுப் பெயர்களை அறிவர். உயரே ஓடும் எழுத்துகள் அவருக்கு அப்பெயர்கள் அங்கே இருக்கின்றன என்பதை நினைவூட்டினால் போதும். மேல்சாளர வரிசையை ஒட்டிய பொறிப்புகளைத் தரையில் நின்று படிப்பது எளிதன்று என்னும் வினாவுக்கு இதுவே ஓரளவு விடையாகிறது.

தற்பெருமை என்னும் குற்றச்சாட்டைக் கொடையாளர்களே முன்னறிந்திருந்தனர். வெளிப்புறத்தில் உள்ள இலத்தீன் தொடர் ஒன்று, தான் இவற்றைக் காட்டியது புகழ் பெறுவதற்காக அன்று, ஆன்மா நினைக்கப்படுவதற்காகவே என்பதற்குக் கிறிஸ்துவைச் சாட்சியாக அழைக்கிறது. ஊராரிடம் பேசும்போது ஆங்கிலம். கிறிஸ்துவைச் சாட்சிக்கு அழைக்கும்போது இலத்தீன். ஆயினும் ஒருவர் தம்மேல் எழாத குற்றச்சாட்டை மறுப்பதில்லை. ஊரில் அத்தகைய பேச்சு இருந்தது, அல்லது எழும் என்று அஞ்சப்பட்டது என்பதற்கு அம்மறுப்பே சான்று. புகழ் விருப்பமும் ஆன்ம அச்சமும் ஒரே மனத்தில் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மை என்று தேர்ந்தெடுக்க ஆய்வாளருக்குத் தேவையில்லை.

மரியன்னை சிற்றாலயத்தின் பொறிப்பு இன்னும் வியப்பானது. ஜான் ஹில், ஜான் க்ளாப்டன் ஆகியோருடன் ரிச்சர்ட் லவ்டே என்பவருக்காகவும் அது வேண்டச் சொல்கிறது. லவ்டே க்ளாப்டன் வீட்டின் பானப் பொறுப்பாளர்; ஒரு பணியாளர். தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் பணியாளரின் பெயர், அவர் தொழிலுடன் சேர்த்தே, கல்லில் இடம்பெறுகிறது. செல்வர் வீட்டுப் பணியாளர் என்பதால் அவரிடம் பொருள் இருந்திருக்கும் என்பது உண்மையே. எனினும் ஆன்மாவின் தேவையைப் பொறுத்தவரை தலைவரும் பணியாளரும் ஒரே ஏவல் வினைக்குள் அடங்குவதை இங்குக் காண்கிறோம்.

ஜான் க்ளாப்டன்

கட்டுமானத்தின் மையத்தில் நின்ற க்ளாப்டன் லங்காஸ்டர் அரசகுலத்தின் ஆதரவாளர். யார்க் குலத்தின் நான்காம் எட்வர்ட் அரியணை ஏறிய பின் அவர் சிறைப்பட்டார். அவருடன் குற்றம் சாட்டப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு கோமகன் ஜான் டி வேரும் அவர் மகனும் வேறு சிலரும் 1462ஆம் ஆண்டு பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டனர். க்ளாப்டன் உயிர் தப்பினார். அவர் மட்டும் ஏன் விடப்பட்டார் என்பதை விளக்கும் உறுதியான ஆவணம் இல்லாத நிலையில் ஊகங்களைத் தவிர்ப்பது நன்று. ஆனால் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் செய்தவை கண்முன் நிற்கின்றன. நண்பர்களின் சாவைக் கண்ட ஒருவர் இறந்தோருக்கான செபத்தில் இத்துணை ஈடுபாடு காட்டியதற்கு உளவியல் விளக்கம் தேடத் தோன்றும். அக்காலத்தில் அத்தகைய ஈடுபாடு எல்லோரிடமும் இருந்தது என்பதையும் உடன் கருத வேண்டும்.

1497ஆம் ஆண்டில் இறந்த க்ளாப்டனின் கல்லறை பீடத்தின் வடக்கே, பீடப்பகுதிக்கும் அவர் குடும்பத்தின் தனி ஆலயத்திற்கும் இடையே, சுவரின் திறப்பில் அமைந்துள்ளது. அதன் மேல்வளைவில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் ஓவியம் உள்ளது. இவ்விடம் தற்செயலாக அமைந்ததன்று. பெரிய வெள்ளி முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை கிறிஸ்துவின் கல்லறையாகக் கருதி நற்கருணையை வைக்கும் இடமாக இதே கல்லறை பயன்பட்டது. ஆண்டுதோறும் உயிர்ப்பின் சடங்கு க்ளாப்டனின் உடலுக்கு மேலேயே நிகழும்; ஊர் முழுதும் அத்திசை நோக்கி மண்டியிடும். தனி ஆலயத்தின் மேற்பட்டையில் ஜான் லிட்கேட்டின் ஆங்கிலச் செய்யுள்கள் வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளன. லிட்கேட் பரி மடத்தின் துறவி. மெல்ஃபோர்டின் உரிமையாளரும் அதே மடமே. செய்யுள் சுவடியில் இருந்து சுவருக்கு ஏறிய வழி இதனால் விளங்குகிறது.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் க்ளாப்டனின் உறவினரும் நண்பர்களுமாக நீதிபதிகளும் பெருமக்களும் மண்டியிட்ட நிலையில் தீட்டப்பட்டனர். அவற்றுள் நோர்ஃபோக் கோமகள் எலிசபெத் டால்பட்டின் உருவமும் உண்டு. எஞ்சியவை இன்று வடக்குப் பக்கக்கூடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

ரோஜர் மார்ட்டினின் நினைவுக்குறிப்பு

கட்டி முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் இக்கட்டடத்தின் நோக்கமே சட்டவிரோதமாயிற்று. 1539ஆம் ஆண்டில் பரி மடம் கலைக்கப்பட்டது. 1547ஆம் ஆண்டில் ஆறாம் எட்வர்டின் அரசு இறந்தோருக்கான திருப்பலி அறக்கட்டளைகளை ஒழித்து அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டது. உத்தரிப்பு நிலை வீண் கருத்தென்று அச்சட்டத்தின் முகப்பே அறிவித்தது. சிலைகள் அகற்றப்பட்டன, கற்பீடங்கள் பெயர்க்கப்பட்டன. 1553 முதல் 1558 வரை மேரி அரசியின் ஆட்சியில் பழைய வழிபாடு மீண்டது. எலிசபெத் காலத்தில் மறுபடியும் நீங்கியது. இருபது ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் தன் தேவாலயத்தைக் களைந்து, பூட்டி, மீண்டும் களைந்தது.

இக்காலத்தை அகத்திலிருந்து காட்டும் அரிய ஆவணம் ரோஜர் மார்ட்டின் எழுதியது. துணி வணிகத்தால் உயர்ந்த மார்ட்டின் குடும்பத்தின் முன்னோர் பெயர்களும் சுவரில் உள்ளன. மேரி அரசி காலத்தில் தேவாலயப் பொறுப்பாளராக இருந்த அவர், பின்னர்ப் புதிய வழிபாட்டில் கலந்துகொள்ள மறுத்துத் தண்டனைக்கு உள்ளானவர். நெடுநாள் வாழ்ந்து 1615ஆம் ஆண்டில் மறைந்தார். 16ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில், முதுமையில், தாம் அறிந்தபடி மெல்ஃபோர்டு தேவாலயம் எப்படி இருந்தது என்பதை எழுதிவைத்தார்.

அவர் காட்டும் கட்டடம் இன்று நாம் காண்பதன்று. தேவாலயத்தின் முழு அகலத்திற்கும் சிலுவை மேடை நின்றது. அதன் பலகைகளில் பன்னிரு திருத்தூதர்கள் தீட்டப்பட்டிருந்தனர். பெரிய வெள்ளியன்று குருவானவர் அதன்மேல் சிலுவையருகே நின்று திருப்பாடுகளைப் பாடினார். கூரையில் பொன் விண்மீன்கள் மின்னின. தெற்கே தம் குடும்பத்துப் பக்கக்கூடத்தில் கிறிஸ்துவும் இரு கள்வரும் அறையுண்ட காட்சி பீடத்தை அணிசெய்தது. கிறிஸ்துவின் கல்லறைக்கு முன்னே மெழுகுதிரிகள் நிற்கத் துளையிட்ட வண்ண மரச்சட்டம் ஒன்று வைக்கப்பட்டது. குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலம் தேவாலயத்தை நெருங்கும்போது க்ளாப்டன் பக்கத்துச் சிறுகோபுரத்தின்மேல் ஒரு சிறுவன் இறைவாக்கினர் போல் நின்று பாடினான். வாயிலருகே சிறுவர்களுக்கிடையே மலர்களும் மெல்லிய அப்பங்களும் வீசப்பட்டன. கோடைகாலத் திருவிழா மாலைகளில் மார்ட்டின் வீட்டின் முன்னே சொக்கப்பனை எரிய, ஏழைகளுக்கு அப்பமும் பார்லி மதுவும் வழங்கப்பட்டன. சில நாள்களில் ஆட்டிறைச்சி அடைத்த நீண்ட பணியாரங்களும் பச்சைப் பட்டாணிக் காய்களும் பலகைகளின்மேல் பரப்பி வைக்கப்பட்டன.

இந்நூலை வரலாற்றாசிரியர்கள் இரு வகையாகக் கையாள்கின்றனர். டேவிட் டைமண்ட், கிளைவ் பெயின் ஆகியோர் இதனைப் பிற பங்கு ஆவணங்களோடு சேர்த்துப் பதிப்பித்துள்ளனர். ஈமன் டஃபி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், மரபுச் சமயம் மக்களிடையே உயிர்ப்புடன் இருந்தது என்பதற்குச் சான்றாக மெல்ஃபோர்டைக் காட்டுகிறார். எதிர்த்தரப்பினர் முன்வைக்கும் தடை எளியது: இது தோற்ற தரப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் ஏக்கம், செல்வர் வீட்டுப் பார்வை, திருவிழாவின் நடுவே தம் பாட்டனாரின் விருந்தோம்பலையே அவர் காண்கிறார். இத்தடையில் நியாயம் உண்டு. அப்பம் கொடுத்தவரின் பேரன் எழுதியது நம்மிடம் உள்ளது; வாங்கியவரின் பேரன் எழுதியது இல்லை. ஆனால் மார்ட்டின் குறிப்பின் நம்பகத்தன்மை அவர் உணர்ச்சியைச் சார்ந்ததன்று. மரச்சட்டத்தின் துளைகள், மேடையின் அகலம், சிறுவன் நின்ற இடம் என அவர் நினைவு பொருள்களையும் இடங்களையும் பற்றிக்கொண்டு செல்கிறது. அச்சிறுவன் யாரைக் குறித்தான் என்பதில் தமக்கு உறுதியில்லாதபோது அதனையும் அவர் மறைக்கவில்லை. ஏக்கம் மட்டுமே எழுதியிருந்தால் இத்தகைய தயக்கங்கள் இரா.

களையப்பட்டவற்றுள் சிலவற்றை அவர் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்று வைத்திருந்தார். தம் பக்கக்கூடத்துப் பீடத்தின் சிற்பம் வீட்டில் சிதைந்து கிடக்கிறது என்றும், தம் வழித்தோன்றல்கள் அதனைச் செப்பனிட்டு ஒருநாள் மீண்டும் நிறுவுவர் என்று நம்புவதாகவும் எழுதுகிறார். அது நிறைவேறவில்லை. ஆனால் மறைத்துவைத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் போலும். மூன்று ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி செதுக்கிய 14ஆம் நூற்றாண்டு அலபாஸ்டர் கற்பலகை ஒன்று 18ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தின் தரைக்கடியில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது வடக்குப் பக்கக்கூடத்துச் சுவரில் உள்ளது.

எஞ்சியவை

சிலைகள் போயின, மேடை போயிற்று, பீடங்கள் போயின, பொறிப்புகள் நின்றன. இதுவே இக்கட்டடத்தின் பெரும் புதிர். சஃபோக்கில் வில்லியம் டவுசிங் 1644ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் சென்று கண்ணாடிகளை உடைத்ததோடு, ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் கல்லறைத் தகடுகளையும் பெயர்த்தார். அவருக்கு அதிகாரம் தந்த 1643ஆம் ஆண்டின் நாடாளுமன்ற ஆணை மூடநம்பிக்கைப் பொறிப்புகளையும் பெயர் சுட்டி அழிக்கச் சொன்னது. மெல்ஃபோர்டின் சுவர் அவ்வகையில் குற்றத்தின் திறந்த ஒப்புதல். அண்டை நாட்டுப்புறத்தில் கலகமும் குறைவில்லை. 1642ஆம் ஆண்டில் கத்தோலிக்கரான ரிவர்ஸ் கோமாட்டியின் மெல்ஃபோர்டு மாளிகையைக் கூட்டம் சூறையாடியது.

கட்டடக் கலையே ஒரு காரணத்தைத் தருகிறது. ஏணியும் சுத்தியலும் கொண்டு ஒரு பிற்பகலில் கண்ணாடியை உடைக்கலாம். மேல்விளிம்பின் அடியில் சுவரின் உடலாகவே அமைந்த எழுத்தை நீக்கக் கொத்தரும் சாரமும் வேண்டும். செலவை ஊரே ஏற்க வேண்டும். மற்றொரு காரணம் சட்டத்தில் உள்ளது. 1560ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியின் அறிவிப்பு, வழிபாட்டிற்கன்றி நினைவிற்காக நிறுவப்பட்ட சின்னங்களைச் சிதைப்பதைத் தடைசெய்தது. 1643ஆம் ஆண்டின் ஆணையும் புனிதராகக் கருதப்படாத இறந்தோரின் நினைவுருவங்களுக்கு விலக்களித்தது. கண்ணாடியில் புனிதர்கள் பெரும்பாலும் அழிய, மண்டியிட்ட கொடையாளர் பலர் எஞ்சியமைக்கு இவ்விலக்கு பொருத்தமான விளக்கம் தருகிறது. ஆனால் அதன் விலையையும் குறிக்க வேண்டும். புகழுக்காக அன்று, ஆன்ம நினைவிற்காகவே என்று கிறிஸ்துவைச் சாட்சியழைத்தவர்கள், குடும்பப் பெருமையின் நினைவுச்சின்னமாகக் கருதப்பட்டதனாலேயே பிழைத்தனர். ‘வேண்டிக்கொள்ளுங்கள்’ என்பது வாசிக்கப்படாத சொல்லாகி, பெயர்கள் மட்டும் வாசிக்கப்பட்டன. பொறிப்புகளைத் தற்பெருமை என்று கொள்ளும் இக்காலக் கருத்து அங்கேதான் தொடங்குகிறது என்று கருதலாம்.

பீடத்தருகே க்ளாப்டன் கல்லறைக்குத் துணையாக வேறொரு பெருங்கல்லறையும் எழுந்தது. மடம் கலைந்தபின் நிலக்கிழமையைப் பெற்ற சர் வில்லியம் கார்டெல் மேரி அரசி காலத்தில் மக்களவைத் தலைவராக இருந்தவர். எலிசபெத் காலத்திலும் உயர்பதவியில் நீடித்தவர். 1581ஆம் ஆண்டில் இறந்தார். 1573ஆம் ஆண்டில் அவர் நிறுவிய முதியோர் அறமனை தேவாலயத்தின் முன்னே இன்றும் உள்ளது. செபத்தை வேண்டிய பழைய கொடைக்கும் நற்பண்பைக் காட்டிய புதிய கொடைக்கும் இடையிலான மாற்றத்தை அப்புல்வெளியில் நின்றே காணலாம்.

இடைக்காலக் கோபுரம் இன்று இல்லை. ஏறத்தாழ 1710ஆம் ஆண்டில் இடி தாக்கியதால் அது சிதைந்தது. 1725ஆம் ஆண்டில் செங்கல் கோபுரம் ஒன்று கட்டப்பட்டது. 1898 முதல் 1903 வரை ஜார்ஜ் ஃபிரடெரிக் பாட்லி அச்செங்கல் கோபுரத்தை இடிக்காமல் அதனைச் சுற்றிச் சக்கிமுக்கிக் கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் இப்போதைய கோபுரத்தை எழுப்பினார். நிழற்படங்களில் இடைக்கால மெல்ஃபோர்டின் அடையாளமாக ஓங்கி நிற்பது இவ்விருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கோபுரமே. பாணியின் ஒற்றுமையை மட்டும் கொண்டு காலம் கணிக்கும் மாணவருக்கு இது நல்ல எச்சரிக்கை.

மரியன்னை சிற்றாலயம் வேறு வழியில் பிழைத்தது. திருப்பலியும் ஊர்வலமும் நின்றபின் அது வெறுமையாயிற்று. 1670ஆம் ஆண்டு முதல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர்ச் சிறுவர்களின் பள்ளிக்கூடமாக அது பயன்பட்டது. அதன் உட்புறத்துக் கிழக்குச் சுவரில் அக்காலத்தில் எழுதிய பெருக்கல் வாய்பாடு அழியாமல் உள்ளது. அதே கட்டடத்தின் வெளிச்சுவரில் ரிச்சர்ட் லவ்டேயின் ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் வரியும் உள்ளது.